டீசலின் கழுத்தில் அறுபது

வெண்டல் க்ரூபரின் வண்டி மேடேறும் உறுமலைக் கேட்டதுமே டோரீனுக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நாய்ப் பயிற்சியின் ஏழாவது பாடம். ஆறு வாரமாகச் சொன்னதையே சொல்லி அவளுக்கு வாய் வறண்டதுதான் மிச்சம்.

வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது டோனட் பெட்டி. பிறகு ஊன்றுகோல். அப்புறம் வெண்டல். கல் குவாரியில் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தேழு, இடது முழங்காலுக்குள் இரும்பு. எல்லோருக்கும் கடைசியாக, இருக்கையை விட்டு வர மனமில்லாமல் இறங்கியது டீசல்.

டீசலுக்கு அப்பன் ஷெப்பர்டு, ஆத்தாள் ஏதோ வேட்டை நாய் என்று ஊகம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று எந்நேரமும் தூங்கும். இரண்டு வயது. வந்த முதல் நாளே டோரீன் கேலி செய்தாள்: "டீசல்னு பேர் வெச்சா ஓடத்தானே செய்யும். பிரேக்குன்னு வெச்சிருக்கணும்." வெண்டல் அன்று சிரித்தார். டோரீனுக்கும் அன்று சிரிப்பு வந்தது.

இன்று அவள் பார்த்தது நாயின் முகத்தை அல்ல, கழுத்தை. கறுப்புப் பட்டை தொளதொளவென்று, கோயில் மாட்டுக்குக் கட்டிய மணி மாதிரி மார்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"வெண்டல், பட்டையை எப்பப் போட்டீங்க?"

"காலையில."

"இன்னைக்குக் காலையிலயா?"

வெண்டல் டோனட் பெட்டியை வேலிக்கம்பத்தின் மேல் நிதானமாக வைத்து, அது விழாது என்று உறுதி செய்துகொண்டார். "வியாழக்கிழமைக் காலையில."

டோரீன் கண்ணை மூடித் திறந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக்கூடாத பட்டை. அதைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் மனைவி அர்லீன் அந்தத் தாளைச் சமையலறை அலமாரியில் ஒட்டியும் வைத்திருந்தாள். அலமாரியைத் திறந்து காபித்தூள் எடுக்கிற மனுஷன் கதவில் இருப்பதைப் படிப்பதில்லை.

அந்தப் பட்டை பெரிய மாயமொன்றும் இல்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, அதில் இரண்டு இரும்புக் குமிழ்கள். குமிழ் இரண்டும் தோலைத் தொட வேண்டும். ஆளின் கையில் ரிமோட், அதில் ஒரு பட்டன், அமுக்கினால் குமிழ் வழியே மின்சாரம் பாயும். கூடவே, திருகினால் பூஜ்யத்திலிருந்து நூறு வரை போகிற ஓர் எண். கீழ் எண்களில் அது தோளில் விரலால் தட்டிக் கூப்பிடுவது போல. மேலே போகப் போகத் தட்டு குட்டாகும், குட்டு அடியாகும், அடி கொடுமையாகும். எந்த நாய்க்கு எந்த எண்ணில் காது லேசாகத் திரும்புகிறதோ அதுதான் அந்த நாயின் எண். அதற்கு மேல் வேலையில்லை. டீசலின் எண் ஒன்பது.

இந்த வேலையில் டோரீனுக்கு இரண்டு பக்கமும் அடி. பட்டையைக் கண்ணால் பார்த்தாலே பாவம் என்கிற பயிற்சியாளர்கள் அவளைச் சித்திரவதைக்காரி என்று முகநூலில் எழுதினார்கள். பட்டன் ஒன்றே போதும் என்கிறவர்கள் அவளை பிஸ்கட்காரி என்றார்கள். முதலில் தின்பண்டமும் நீளக்கயிறுமாக 'வா' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுக்காமல் அவள் எந்த நாயின் கழுத்திலும் பட்டையைப் பூட்டியதில்லை. படிக்காத பாடத்துக்குத் தண்டனை கிடையாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினரோ என்று சில சனிக்கிழமைகளில் சந்தேகம் வரும்.

கோழிக்கொட்டகையாக இருந்து அவளுடைய பயிற்சிக்கூடமாக மாறிய அந்த நீளக் கட்டடத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. அவளே பச்சைப் பெயின்ட்டில் எழுதியது: முதலில் உன் கை. நாய்க்குப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் தன் முன்கையில் வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். தினமும் இருபது தடவை போட்டாலும் இருபது தடவையும். டோரீன் அப்படித்தான் செய்வாள். வந்தவர்களையும் செய்ய வைப்பாள். அர்லீன் முதல் நாள் பன்னிரண்டில் துள்ளிக் குதித்து, "அய்யோ, எறும்பு," என்று சிரித்தாள்.

வெண்டல் மட்டும் கையை நீட்டவில்லை. "கல்லு லாரி ஓட்டின கை இது. எருமைத் தோலு. இதுல வெச்சு என்னத்தைத் தெரிஞ்சுக்கப் போறேன்," என்றார். டோனட் வாங்கி வந்திருந்த மனுஷன். வயதில் பெரியவர். போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த 'போகட்டும்' ஆறு வாரமாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

மற்ற நாளாக இருந்தால் இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்லியிருப்பாள். ஆனால் மான் வேட்டைக்காலம் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வெண்டல் வீட்டுக்குப் பின்னால் வேலி கிடையாது. புல்வெளி முடிகிற இடத்தில் லைல் ப்ராஸ்கியின் காடு ஆரம்பிக்கும். லைல் கெட்டவனில்லை. தீயணைப்புக் கூடத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் வெண்டலுக்கு எதிரே உட்கார்ந்து இருபது வருஷமாகச் சாப்பிடுகிறவன். ஆனால் டீசல் இரண்டு முறை அவன் காட்டில் மானை விரட்டிவிட்டது. இரண்டாம் முறை லைல் நேரே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "வெண்டல், மூணாவது தடவை நான் வந்து சொல்ல மாட்டேன்." குட்டியைச் சுமக்கிற பெண்மானை விரட்டிக் கொல்லும் நாயைச் சுடுபவனை அந்த மலையில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சுட்டவன் வந்து துக்கம் சொல்லிவிட்டுப் போவான். அவ்வளவுதான். சீசன் தொடங்கிவிட்டால் காடு முழுக்கத் துப்பாக்கி. லைல் ஒருவன் மட்டுமல்ல.

"வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"மோசம். முன்னாடி கூப்பிட்டா பத்து நிமிஷத்துல வருவான். இப்ப வர்றதே இல்ல. புல்லு ஓரத்துல நின்னு பாக்கறான். நான் இங்க, அவன் அங்க. யார் முதல்ல கண்ணை எடுக்கறதுன்னு போட்டி மாதிரி."

"செவ்வாய்க்கிழமை போன்ல நல்லா வந்தான்னு சொன்னீங்களே?"

"வந்தான், வந்தான். முக்கால் மணி நேரம் கழிச்சு. மெதுவா படியேறி வந்து என் கால்கிட்டப் படுத்தான். அமுக்கினேன்."

டோரீனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது. "எப்ப அமுக்கினீங்க?"

"வந்தப்புறம்தான்."

"வந்தப்புறமா?"

"பின்ன? லேட்டா வந்தா சும்மா விடறதா? குவாரியில நாங்க ஏழு மணிக்கு அப்புறம் கேட்டுக்குள்ள வந்தா அரைநாள் சம்பளம் போச்சு. வந்தியே ராசான்னு முத்தமா குடுத்தாங்க? ரெண்டு தடவை சம்பளம் போனா மூணாவது நாள் ஆறரைக்கே வந்து நிப்பான். அதான் வழி."

"அவனுக்குக் கடிகாரம் தெரியாது, வெண்டல்."

"நாய்க்கு எல்லாம் தெரியும்."

"கடிகாரம் தெரியாது. மானைத் துரத்தினதுக்கு விழுந்த அடின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அது முக்கால் மணி நேரம் முன்னாடி முடிஞ்சு போச்சு. படியேறினேன், அடி விழுந்துச்சு. உங்க கால்கிட்டப் படுத்தேன், அடி விழுந்துச்சு. அவன் கணக்கு அவ்வளவுதான். நீங்க அவனைக் கூப்பிடக் கூப்பிட வராதேன்னு கத்துக் குடுத்திருக்கீங்க." குரல் ஏறிவிட்டது. "எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"தினமும்தான். லேட்டா வந்த அன்னிக்கெல்லாம்."

"தினமும்."

"ஆனா அவனுக்கு ஒண்ணுமே ஆகலையே. சில நாள் லேசா உதறுவான். சில நாள் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். உன் மெஷின்ல ஏதோ கோளாறு கண்ணு. அதனாலதான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."

கொஞ்சம் என்றார். எவ்வளவு என்று அந்த இடத்தில் டோரீன் கேட்டிருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக நாய்க்காரர்களோடு பழகுகிறவளுக்குத் தெரியும், 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் யானை ஒளிந்திருக்கும். ஆனால் கோபம் என்பது காதில் பஞ்சு. அவளுக்கு அந்த நேரம் தெரிந்ததெல்லாம், தொளதொளவென்று கட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்கிறாரே என்பதுதான்.

"மெஷின்ல கோளாறு இல்ல. குளிர்காலத்து முடி முளைச்சிருக்கு. ரெண்டு விரல் ஆழம். குமிழ் தோலைத் தொடவே இல்ல. தாள்ல நாலாவது வரி." மண்டியிட்டாள். டீசலின் கழுத்து முடியைக் கையால் விலக்கி விலக்கி, பட்டையை மேலே ஏற்றி, காதுக்குக் கீழே கழுத்து ஒடுங்குகிற இடத்தில் ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கினாள். தொட்டதும் நாய் உடம்பைச் சுருக்கியது. அதையும் கவனித்திருக்க வேண்டும். "இப்படி. இப்படித்தான். இதைத்தான் ஆறு வாரமா கரடியா கத்தறேன். ரிமோட்டைக் குடுங்க."

கொடுத்தார். அவர் கழுத்துக் கயிற்றிலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "கத்தாதே. அவன் பயப்படறான்," என்று வேறு சொன்னார். அதுதான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

பச்சைப் பலகைக்கு அடியில் இரண்டு பேரும் நடந்து போனார்கள். இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்பக்க மைதானத்தில் அவள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பழைய மான்தோல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கயிற்றில் கட்டி, கைப்பிடியைச் சுழற்றினால் புல்லின் மேல் துள்ளித் துள்ளி ஓடும். வெண்டல் முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். டீசலின் முதுகுப் பட்டியில் நாற்பதடிக் கயிறு. கயிற்றின் நுனியை டோரீன் இடது கையில் பிடித்தாள், வலது கையில் ரிமோட். கூப்பிடுகிற அதே நொடியில் ஒரு சின்னத் தட்டு, நாய் திரும்பியதும் தட்டு நின்றுவிடும், வந்து சேர்ந்ததும் தின்ன மானிறைச்சி சாசேஜ். அதுதான் முறை. போன வாரம் ஒன்பதில் டீசல் அழகாகத் திரும்பியது.

"சுத்துங்க."

தோல் துள்ளியது. டீசல் அம்பு மாதிரி பாய்ந்தது. டோரீன் மூன்று எண்ணினாள். அந்த மூன்று எண்ணிக்கைக்குள்ளும் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது நாய் இல்லை. வந்தப்புறம் அமுக்கினாராம். தினமும் அமுக்கினாராம். அரைநாள் சம்பளமாம்.

"டீசல், வா."

நாய் திரும்பியது. இதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். சத்தியமாகத் திரும்பியது. அந்த நிமிர்ந்த காது முதலில், பிறகு தலை. தட்டே தேவைப்படாத திரும்பல். ஆறு வாரப் பாடம் அந்தக் கழுத்தில் இருந்தது. ஆனால் அவள் கட்டைவிரல் அதற்குள் இறங்கிவிட்டது. அது நாய்க்காக இறங்கிய விரல் அல்ல.

டீசல் அலறியது. குரைப்பில்லை, ஊளையில்லை, குழந்தை கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சத்தம். நாலு காலும் தரையை விட்டு எழும்பின. கயிறு டோரீனின் கையை அறுத்துக்கொண்டு போனது. நாய் மைதானம் தாண்டி, கொட்டகை தாண்டி, வெண்டலின் வண்டிக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.



"அட," என்றார் வெண்டல், முக்காலியை விட்டு எழுந்தபடி. முகமெல்லாம் மலர்ச்சி. "இப்பத்தான்யா மெஷின் வேலை செய்யுது. இறுக்கிக் கட்டணும்னு நீ சொன்னது சரிதான் கண்ணு. நான்தான் கேக்கல. பாத்தியா, எப்படித் திரும்பி ஓடி வந்தான்?"

டோரீன் ரிமோட்டைத் திருப்பினாள். அறுபது.

அவள் ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் தப்பு," என்றாள்.

"என்ன தப்பு? அருமையா வேலை செஞ்சுது."

"அறுபதுல இருக்கு, வெண்டல். அவன் எண் ஒன்பது. நான் பாக்கல. கையில வெச்சுப் பாக்கல. உங்க மேல இருந்த கோவத்துல அமுக்கிட்டேன். அவன் ஏற்கெனவே திரும்பிட்டான்."

"அதனால என்ன, திரும்பினானா இல்லையா. இன்னும் ரெண்டு தடவை இப்படி..."

"போய் அவனைக் கூப்பிடுங்க."

வெண்டல் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார். "டீசல். டேய். வா, போலாம்." வரவில்லை. குனிய முடியாத மனுஷன், கதவைப் பிடித்து, முழங்காலை நீட்டி வைத்து, சரளைக்கல்லில் ஒரு பக்கமாகப் படுத்தார். உள்ளே கையை நீட்டினார். நாய் பின்பக்கச் சக்கரம் வரை நகர்ந்தது. கல்லில் ஈரம். பயத்தில் நனைத்திருந்தது.

"டோனட்டை எடு," என்றார், திரும்பாமலே. குரலில் இப்போது மலர்ச்சி இல்லை.

டோரீன் எடுத்துக் கொடுத்தாள். சர்க்கரை தூவிய டோனட்டைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். நாய் பார்த்தது, தொடவில்லை. அவள் கொஞ்சம் பக்கத்தில் வந்தால் அதன் பல் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிய நாய்கள் உண்டு. அதற்குக் காரணமாக அவளே இருந்தது இதுதான் முதல் தடவை. தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. கடைசியில் டீசல் வயிற்றால் ஊர்ந்து வந்து, அவர் கை எட்டுகிற தூரத்தில் நின்றது. வெண்டல் மெதுவாகப் பட்டையை அவிழ்த்தார். அவிழ்த்தபின் அசையாமல் கிடந்தார்.

"இங்க வா," என்றார். "இது என்ன?"

டோரீன் தூரத்திலிருந்தே குனிந்து பார்த்தாள். பட்டை முன்பு கிடந்த இடத்தில், முடிக்கடியில், இரண்டு சிவந்த புண்கள். ஒன்று கசிந்துகொண்டிருந்தது. "மூணு நாளா உரசினது. அதுக்குத்தான் மூணு மணி நேரம்னு எழுதியிருந்தேன்."

அவர் கதவைப் பிடித்து எழுந்தார்.

டோரீன் பட்டையை வாங்கித் தன் இடது முன்கையில் சுற்றி இறுக்கினாள். ரிமோட்டை அவரிடம் நீட்டினாள். "அமுக்குங்க."

"எதுல இருக்கு?"

"அறுபதுல."

"விளையாடாதே."

"நான் விளையாடல. நீங்க இத்தனை நாளா வெச்சிருந்த எண்தானே."

"நான் மாட்டேன். பொம்பளைப் புள்ளைக்கு..." தலையை ஆட்டினார். "நாய்க்குப் படவே இல்லன்னுதான் நினைச்சேன்."

"சில நாள் படல. சில நாள் பட்டிருக்கு. உதறினான்னு சொன்னீங்களே, அன்னிக்கெல்லாம் பட்டிருக்கு. எந்த நாள் படும் எந்த நாள் படாதுன்னே தெரியாம படியேறியிருக்கான்." சொல்லிவிட்டு அவளே அமுக்கினாள்.

கை அவள் சொல்லைக் கேட்காமல் மார்பில் வந்து மோதியது. சத்தத்தை விழுங்கிவிட்டாள். கண்ணில் நீர் வந்ததை விழுங்க முடியவில்லை.

வெண்டல் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டினார். அவள் ஒன்பதில் வைத்துக் கட்டி அமுக்கினாள்.

"இது என்ன? ஈ உக்காந்த மாதிரி இருக்கு."

"அதுதான் அவனுக்கு."

ரிமோட்டை அவள் கையிலிருந்து எடுத்துத் தானே திருகினார். இருபது. உதட்டைப் பிதுக்கினார். முப்பது. தோள் துள்ளியது. முப்பத்தைந்தில் அமுக்கியவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி ரிமோட்டைக் கீழே போட்டார். எருமைத் தோல் மேல் மயிர் சிலிர்த்திருந்தது. அறுபதுக்கு இன்னும் இருபத்தைந்து பாக்கி. அதைத் தொடவில்லை. குனிந்து வண்டிக்கடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இத்தோடு இருவரும் சமாதானமாகியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குற்றவுணர்வு மனுஷனைச் சாந்தமாக்குவதைவிடச் சிடுசிடுப்பாக்குவதுதான் அதிகம்.

"இன்னும் பன்னெண்டு நாள்," என்றார். "என்ன பண்ணலாம், அதைச் சொல்லு."

"பட்டன் கிடையாது. இந்தச் சீசன் முழுக்கக் கிடையாது. ரிமோட் என் மேஜை டிராயர்ல பூட்டி இருக்கும். புண் ஆறணும், அவன் உங்களை நம்பணும், அப்புறம் முதல்லேர்ந்து. அதுவரைக்கும் கயிறு."

"கயிறா?"

"வாசல் தாண்டினா கயிறு. உங்க இடுப்பு பெல்ட்டுல."

"எங்கப்பா நாயைக் கட்டினதில்ல. நான் நாயைக் கட்டினதில்ல. எங்க மலையில நாயைக் கயித்துல புடிச்சுக்கிட்டு நிக்கறவன் டவுன்லேர்ந்து வந்தவன். லைல் பாத்தான்னா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"சொல்லிக் காட்டட்டும். சுடாம இருந்தா போதும்."

"முதல் பாடத்துலயே கயிறுதான்னு சொல்லியிருந்தா ஆறு வாரம் வந்திருக்க மாட்டேன்."

"முதல் பாடத்துல சொன்னேன், வெண்டல். ரெண்டாவதுலயும் சொன்னேன். நாயைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவன் ஒரே வாரத்துல கத்துக்கிட்டான்."

"என் மேல இருந்த கோவத்தை அவன் மேல காட்டினவ நீ," என்றார் வெண்டல் அமைதியாக. டோரீன் கீழே கிடந்த ரிமோட்டை எடுத்துப் பையில் போட்டாள்.

நாயைத் தூக்கி வண்டிக்குள் வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் அது நடுங்கியதால் அவர் ஒற்றை ஆளாக, முனகி முனகித் தூக்கினார். டோனட் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஆறு வாரத்தில் ஒருநாளும் பெட்டியை எடுத்துப் போனதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. டோரீன் பத்து மணி வரை வாசலைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். அர்லீன் எடுத்தாள்.

"கோவமா இருக்காரா?"

"இருக்கார். உன் மேல இல்ல, என் மேல இல்ல. கயித்து மேல. பெல்ட்டுல கட்டிக்கிட்டுத் திரியறாரு. கக்கூசுக்குப் போனாலும் அவிழ்க்க மறந்துடறாரு. நாயும் கதவு வரைக்கும் போய் நிக்குது." அர்லீன் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பின்கதவு வழியாத்தான் வீட்டுக்குள்ள வருது, டோரீன். முன்வாசப் படியேற மாட்டேங்குது. இவர் அங்க உக்காந்து கூப்பிட்டாப் புல்லுல நின்னு பாக்குது. சாசேஜ் வெச்சாலும் வரல. அதைப் பாத்துட்டு இவரு உள்ள வந்து தட்டுல சோத்தை வெச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருக்காரு."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம் கண்ணு," என்றாள் அர்லீன், மெதுவாக. "உன் வண்டிச் சத்தம் கேட்டா என்ன பண்ணுமோ."

டோரீன் அந்த வாரம் எட்டு நாய்களுக்குப் பாடம் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பட்டையைக் கையில் வைத்துப் பார்த்தாள். சில தடவை இரண்டு முறை பார்த்தாள். ஒரு அம்மாள், "அதான் இப்பப் பாத்தீங்களே," என்றாள். "தெரியும்," என்று சொல்லி மூன்றாவது முறையும் பார்த்தாள். முன்கையில் இரண்டு சின்னச் சிவப்புப் புள்ளிகள் மறையாமலே இருந்தன.

சீசன் தொடங்கிய அன்று விடிந்ததும் மலையில் வெடிச்சத்தம் ஆரம்பித்தது. அன்று பாடம் கிடையாது. தன் நாய்கள் இரண்டுக்கும், வேட்டைக்காரர்கள் கண்ணில் பளிச்சென்று படுகிற ஆரஞ்சுச் சட்டை மாட்டிக் கூண்டுக்குள்ளேயே விட்டிருந்தாள். அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் ஒவ்வொரு வெடிக்கும் கரண்டியை நிறுத்தினாள். தெற்கே ஒன்று. அது ரொம்ப தூரம். கிழக்கே இரண்டு, அடுத்தடுத்து. லைலின் காடு கிழக்கேதான். முட்டை தீய்ந்தது.

எட்டரைக்குப் போன் அடித்தது. க்ரூபர் வீட்டு எண். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"மூணு பெண்மான்," என்றது வெண்டலின் குரல். மூச்சு வாங்கியது. "முற்றத்துக்குக் குறுக்கால. என் மூக்குக்கு நேரா. லைல் வீட்டுப் பக்கத்துலேர்ந்து வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்துச்சுங்க."

"டீசல்?"

"பாய்ஞ்சான். பெல்ட்டு என் இடுப்பை ரெண்டா வெட்டிடுச்சு. விழுந்தேன். புல்லுல நாலடி இழுத்துக்கிட்டுப் போனான். லைல் அந்தப் பக்கம் மரத்துல கட்டின பரண் மேல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருக்கான். துப்பாக்கியை மடியில வெச்சுக்கிட்டுக் கத்தறான், 'வெண்டல், நாயி யாரு, ஆளு யாரு'ன்னு. மலை பூரா கேட்டிருக்கும்."

"அடி பட்டுச்சா?"

"எனக்கா? இல்ல. மானம்தான் போச்சு." குரல் தணிந்தது. "விழுந்து கிடந்தபடியே கூப்பிட்டேன். சத்தம் போடாம. 'டீசல், வா'ன்னு. வரல."

டோரீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆனா போகவும் இல்ல. இழுக்கறதை விட்டுட்டான். அங்கயே நின்னு என்னைப் பாத்தான். அந்தக் காதை மட்டும் இப்படித் திருப்பினான்."

"அமுக்கத் தோணுச்சா?"

"எதை அமுக்கறது? நீதான் பூட்டி வெச்சிருக்கியே." எரிச்சல் குரலில் இருந்தது, ஆனால் பழைய எரிச்சல் இல்லை. "தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன். கை கழுத்துக்குப் போச்சு, ரிமோட்டைத் தேடி."

"இப்ப எங்க இருக்கான்?"

"முன்வாசல்ல. முதல் படியில முன்னங்கால் ரெண்டையும் வெச்சுட்டு நிக்கறான். அதுக்கு மேல வரல. அரை மணியா அப்படியே நிக்கறான்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் ரெண்டாவது படியில உக்காந்திருக்கேன். அர்லீன் போனை வெளியே கொண்டாந்து குடுத்தா. படி ஐஸ் மாதிரி இருக்கு. எனக்கு உக்கார்ற இடமே மரத்துப் போச்சு." சரளமாக ஒரு வசவு. "இன்னும் எவ்வளவு நேரம் இப்படி உக்காரணும்?"

டோரீன் முன்கையின் இரண்டு புள்ளிகளைப் பார்த்தாள்.

"அவன் வர்ற வரைக்கும்," என்றாள். "வந்தப்புறம் ஒண்ணும் பண்ணாதீங்க. கையை மட்டும் கீழ வெச்சிருங்க."

"லேட்டா வந்தாலும்?"

"லேட்டா வந்தாலும்."

அந்தப் பக்கம் பெருமூச்சொன்று கேட்டது. பிறகு அர்லீனிடம் போர்வை கொண்டுவரச் சொல்லி வெண்டல் முனகுவதும், கிழக்கே மறுபடி ஒரு வெடியும், படியில் நகம் உரசுகிற மாதிரி ஏதோ ஒரு சின்னச் சத்தமும் கேட்டன. போன் வைக்கப்பட்டுவிட்டது. உரசியது நகம்தானா என்று டோரீனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.